பதினேழு மாதம், இரண்டு வீடு: பால்டிமோரில் வீடு வாங்கும் ஆலோசனை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பால்டிமோர் நகரில் ஒரு கறுப்பினக் குடும்பம் சொந்த வீடு வாங்கிய கதை இது. 2022 ஜனவரியில் தொடங்கி 2024 இறுதி வரை நடந்ததை எழுதியிருக்கிறேன். மத்திய வீட்டுவசதித் துறையின் அங்கீகாரம் பெற்ற, லாபநோக்கு இல்லாத ஓர் அமைப்பில் நான் ஆலோசகர். ஆளை அடையாளம் காட்டிவிடக் கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை முழு டாலராக்கியிருக்கிறேன். எங்கள் பக்கம் நடந்த பிசகுகளை அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்னணி

வீட்டை வாங்கிய பெண்ணுக்கு அப்போது 38 வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறார், ஆண்டுச் சம்பளம் 52,000 டாலர். 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. மேற்கு பால்டிமோரில் ஒரு வரிசை வீட்டில் ஆறு ஆண்டுகளாக வாடகைக்கு இருந்தார். மாதம் 1,400 டாலர். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

முதல் சந்திப்பில் அவர் தன் கடன் கணக்கைப் பற்றிப் பேசவில்லை, பாட்டி வீட்டைப் பற்றித்தான் பேசினார். அதை இங்கே சொல்லாமல் மேலே போனால் பின்னால் வருகிற தயக்கங்கள் புரியாது.

கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1910இலேயே சட்டம் போட்டுத் தடுத்த நகரம் பால்டிமோர். அமெரிக்க நகரங்களில் அப்படிச் செய்த முதல் நகரமும் அதுதான். அந்த மாதிரிச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1917இல் சொன்னது. அதன்பின் வேலையைக் கடன் வரைபடங்கள் எடுத்துக்கொண்டன. 1937இல் மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் இந்த நகரத்துக்கு வரைந்த படத்தில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு மையில் இருந்தன. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள்.

பாட்டியும் தாத்தாவும் 1963இல் எட்மண்ட்சன் வில்லேஜில் வீடு வாங்கினார்கள். 1955 முதல் பத்து ஆண்டுகளில் வெள்ளையர் பகுதியாக இருந்து கறுப்பினப் பகுதியாக மாறிய இடம் அது. 'கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழப்போகிறது' என்று தரகர்கள் வெள்ளையர்களைப் பயமுறுத்தி மலிவாக வாங்கி, வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்களுக்கு அதிக விலைக்குத் தவணையில் விற்றார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் கையில் வராது. தவணை தவறினால் வீடும் போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். பாட்டி தவறவில்லை, எல்லாவற்றையும் கட்டி முடித்தார். பிறகு 2005இல் கூரை ஒழுகியபோது வாசலுக்கு வந்த ஒருவரிடம் வீட்டின் மேல் புதுக் கடன் வாங்கினார். இரண்டு ஆண்டில் வட்டி ஏறியது, 2009இல் வீடு போனது.

இது அந்த ஒரு பாட்டியோடு முடிந்த கதை இல்லை. கறுப்பினப் பகுதிகளைக் குறிவைத்து மோசமான கடன்கள் விற்கப்பட்டன என்று பால்டிமோர் நகரமே 2008இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மீது வழக்குப் போட்டது. 2012இல் அந்த வங்கி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, மத்திய நீதித் துறையோடு 17.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. (பாட்டிக்குக் கடன் கொடுத்தது அந்த வங்கி இல்லை.) வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1968இல் வந்தது. ஆனால் 1960இல் வெள்ளையர், கறுப்பினத்தவர் இடையே சொந்த வீட்டு விகிதத்தில் இருந்த சுமார் 27 சதவீதப் புள்ளி இடைவெளி குறையவில்லை. இன்று வெள்ளையரில் 74 சதவீதத்தை ஒட்டியும் கறுப்பினத்தவரில் 45 சதவீதத்தை ஒட்டியும் சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

அதனால்தான் எங்கள் வேலைக்கு வைக்கப்படும் 'நிதிக் கல்வி' என்ற பெயரே எனக்கு உறுத்தும். பணத்தைக் கையாளத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது போன்ற தொனி அதில் இருக்கிறது. ஆறு ஆண்டு வாடகை ரசீதுகளை ஒரு காலணிப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தவருக்குச் சிக்கனம் பற்றி நான் என்ன சொல்ல? அவருக்குத் தெரியாதிருந்தது கடன் கொடுப்பவர்களின் விதிகள். எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது, எந்தக் காகிதம் எங்கே செல்லும் என்பவை மட்டுமே. அவற்றில் சில எங்களுக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

2022 ஜனவரி: கையில் இருந்தவை

தன் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று மதிப்பிடும் எண், 641 என்று சொன்னார். கைபேசிச் செயலியில் பார்த்தது. நாங்கள் வீட்டுக் கடனுக்கான அறிக்கையை எடுத்தபோது மூன்று நிறுவனங்களிலிருந்து 571, 588, 603 என்று வந்தது. வங்கி நடு எண்ணைத்தான் எடுக்கும், ஆகவே 588. செயலிகள் காட்டுவது வேறொரு கணக்கு முறை. வீட்டுக் கடன் வங்கிகள் அப்போது ஃபைகோ நிறுவனத்தின் பழைய கணக்கு முறைகளையே பயன்படுத்தின. வீடு வாங்குவோருக்கு நாங்கள் நடத்தும் வகுப்புக்கு வருபவர்களில் பாதிப் பேரின் முகம் முதலில் வாடுவது இந்த இடத்தில்தான்.

588க்குக் காரணங்கள் இருந்தன. இரண்டு கிரெடிட் கார்டுகளின் மொத்த வரம்பு 2,500 டாலர், அதில் 2,190 பாக்கி. 88 சதவீதம் பயன்படுத்தியிருக்கிறார் என்றால் கணக்கு முறை அதைத் திணறலாகப் பார்க்கும். அப்புறம் மகனின் கை முறிவுக்கான மருத்துவமனைக் கட்டணத்தில் மூன்று துண்டுகள், 312, 460, 1,140 டாலர், வசூல் ஏஜென்சிகளிடம் போயிருந்தன. காருக்கு மாதம் 412 டாலர் தவணை. பாதியில் விட்ட ஒரு கல்லூரிப் படிப்புக்காக 31,000 டாலர் கல்விக் கடன். கொரோனாவை ஒட்டி 2020 மார்ச்சில் தொடங்கிய சலுகையால் அந்தத் தவணை அப்போது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

ஆறு ஆண்டு வாடகை அந்த அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இல்லை. தவறிய மருத்துவமனைக் கட்டணம் மட்டும் இருந்தது.

முதல் முடிவு: காத்திருப்பது

மத்திய அரசின் காப்புறுதி உள்ள எஃப்.எச்.ஏ. (மத்திய வீட்டுவசதி நிர்வாகம்) கடனுக்கு விதிப்படி 580 இருந்தாலே 3.5 சதவீத முன்பணம் போதும். ஆனால் வங்கிகள் அதற்கு மேல் தங்கள் சொந்த வரம்பை வைத்துக்கொள்ளும். எங்களோடு வேலை செய்த வங்கிகளில் சில 620 கேட்டன. முன்பண உதவித் திட்டங்களோடு சேர்த்துக் கடன் தருபவை 640 கேட்டன. சேமிப்பில் அவருக்கு 300 டாலர்கூட இல்லை. எனவே 640ஐத் தாண்டும்வரை காத்திருப்போம், ஒன்பது மாதத் திட்டம் போடுவோம் என்று முடிவு செய்தோம். அப்போது முப்பது ஆண்டு நிலை வட்டி நாட்டுச் சராசரியாக 3.2 சதவீதத்தில் இருந்தது. அது அங்கேயே நிற்கும் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏறினால் என்ன ஆகும் என்றும் யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

மார்ச்சில் வருமான வரித் தாக்கலில் 3,400 டாலர் திரும்ப வந்தது. 2021க்கு மட்டும் உயர்த்தப்பட்டிருந்த குழந்தைகளுக்கான வரிச் சலுகையின் மீதிப் பாதி அதில் இருந்தது. முதல் வேலையாக மருத்துவமனைப் பாக்கியைத் தீர்க்க நினைத்தார். கடன் என்றால் முதலில் அடைக்க வேண்டியது மனதை உறுத்துகிற கடன்தானே. நாங்கள் வேண்டாம் என்றோம். பழைய ஃபைகோ முறைகளில் வசூலுக்குப் போன பாக்கியைக் கட்டினாலும் தழும்பு அறிக்கையிலேயே இருக்கும், எண் ஏறாது. மாறாக, அதே மார்ச்சில் மூன்று கிரெடிட் நிறுவனங்களும் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தன. ஜூலை 1 முதல், கட்டித் தீர்த்த மருத்துவப் பாக்கிகளை அறிக்கையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஆகவே முதலில் கார்டுகளுக்கு 1,790 டாலர் கட்டினார். பாக்கி 400 ஆனது. மீதியை வங்கியில் போட்டார். மருத்துவப் பாக்கி மூன்றையும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் தீர்த்தார்.

மே மாதம் நடு எண் 629. செப்டம்பரில் 661. மாதச் செலவில் அவர் பெரிதாக எதையும் வெட்டவில்லை. தம்பிக்கு மாதம் 200 டாலர் அனுப்புவது முழுக்க முழுக்கத் தொடர்ந்தது. அதை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று எங்கள் பயிற்சிக் கையேடு சொல்லும். நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் வண்டி நின்றால் இவருக்கு வந்து நிற்கப்போகிறவன் அந்தத் தம்பிதான்.

சீட்டுப் பணம்

ஜூன் மாதம் அவர் வங்கிக் கணக்கில் ஒரே நாளில் 3,000 டாலர் ரொக்கம் விழுந்திருந்தது. வீட்டுக் கடன் பரிசீலனையில் இப்படி மூலம் தெரியாத பெரிய தொகை வந்தால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தயங்கினார். பிறகு பணிமனையில் உடன் வேலை செய்யும் டிரினிடாட் நாட்டுப் பெண் நடத்தும் 'சூசூ' என்றார். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 250 டாலர், மாதம் ஒருவருக்கு மொத்தப் பணம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மா அடுப்படி அலமாரியில் மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த சீட்டு நோட்டு ஞாபகம் வந்தது. ஏலம் இல்லாத, குலுக்கல் சீட்டு, அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கரீபியத் தீவுகளுக்குப் போய் அங்கிருந்து பால்டிமோர் பேருந்துப் பணிமனைக்கு வந்திருக்கிறது.

இது சட்டவிரோதம் என்று அவர் நினைத்திருந்தார். அதனால்தான் முதல் சந்திப்பில் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் படிவத்தில் 'சேமிப்புக் கணக்கு, ஓய்வூதிய நிதி, பிற' என்று மட்டும் இருந்தது. ஆனால் எஃப்.எச்.ஏ. கையேட்டிலேயே தனியார் சேமிப்புச் சங்கங்களின் பணத்தை ஏற்கலாம் என்ற பிரிவு இருக்கிறது. சங்கத்தின் கணக்கேடும், அது இன்னும் நடக்கிறது என்று பொறுப்பாளர் தரும் கடிதமும் வேண்டும். டிரினிடாட் பெண்மணி பெயர், தேதி, கையெழுத்தோடு நோட்டு எழுதி வந்திருந்தார். எங்கள் அலுவலகக் கணக்கைவிடச் சுத்தம். அதை நகலெடுத்து, கடிதம் வாங்கி, கோப்பில் வைத்தோம்.

முதல் வீடு

2022 செப்டம்பர் நடுவில் நாட்டின் சராசரி வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியது. அதே வாரம் அவருக்கு முன் ஒப்புதலுக்கு விண்ணப்பித்தோம். முதலில் போன வங்கியின் கடன் அதிகாரி, கல்விக் கடனுக்கு மாதம் 310 டாலர் தவணை என்று கணக்கிட்டுவிட்டு, வருமானத்துக்கு மேல் சுமை என்று கைவிரித்தார். 31,000இல் ஒரு சதவீதம். 2021இல் எஃப்.எச்.ஏ. இந்த விதியை மாற்றியிருந்தது. தவணை நிறுத்தத்தில் இருந்தால் அரை சதவீதம், அதாவது 155 டாலர். சுற்றறிக்கையை அச்சிட்டு அனுப்பினோம், மறுநாள் ஒப்புதல் வந்தது. நாங்கள் இல்லாமல் தனியாகப் போயிருந்தால் அவர் அந்த 'இல்லை'யை நம்பித் திரும்பியிருப்பார்.

அக்டோபரில் ஒரு வீடு பிடித்துப்போனது. மேற்குப் பக்கத்தில், பல ஆண்டு பூட்டிக் கிடந்த வரிசை வீட்டை ஒருவர் வாங்கிப் புதுப்பித்து 1,89,900 டாலருக்குப் போட்டிருந்தார். வெள்ளைச் சமையலறை, புதுத் தரை. ஒப்பந்தம் போட்டு 1,000 டாலர் முன்தொகை கட்டினார்.

விளம்பரத்தில் ஆண்டுச் சொத்து வரி 732 டாலர் என்று இருந்தது. அது பூட்டிய வீட்டுக்கு, 31,000 டாலர் மதிப்பில் போட்ட வரி. பால்டிமோர் நகரில் 100 டாலர் மதிப்புக்கு நகர வரி 2.248 டாலர், மாநில வரி 0.112 டாலர். நகர எல்லையைத் தாண்டிய பால்டிமோர் கவுன்ட்டியில் உள்ளூர் வரி இதில் பாதிதான். புதுப்பித்த வீட்டை மறுமதிப்பீடு செய்து 1,80,000 என்று போட்டால் ஆண்டு வரி 4,248 ஆகும். மாதத்துக்கு 61 டாலர் என்று காட்டியது 354 ஆகிவிடும். வங்கி கொடுத்த மாதச் செலவுக் கணக்குத் தாளிலும் அந்த 61 தான் இருந்தது. ஒரு வருடம் கழித்து தவணை திடீரென்று 293 டாலர் ஏறும், அப்போது யாரிடம் போய்க் கேட்பது? இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'என் மகள் எந்த அறை என்று முடிவு செய்துவிட்டாள்' என்றார்.

பிறகு வங்கியின் மதிப்பீடு வந்தது: 1,68,000. விலைக்கும் மதிப்புக்கும் 21,900 டாலர் இடைவெளி. வங்கி மதிப்புக்குத்தான் கடன் தரும், மீதியைக் கையிலிருந்து போட வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் இதே நகரத்தில் ஒரு கறுப்பினப் பேராசிரியத் தம்பதி வழக்குத் தொடர்ந்து செய்தியாகியிருந்தது. குடும்பப் படங்களை எடுத்துவிட்டு, வெள்ளை நண்பர் ஒருவரை வீட்டுக்காரர் போல நிற்கவைத்ததும் 4,72,000 டாலர் மதிப்பு 7,50,000 ஆனது என்பது அவர்கள் புகார். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபிரெடி மேக் நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளில் 12.5 சதவீத மதிப்பீடுகள் ஒப்பந்த விலைக்குக் கீழே வந்தன. வெள்ளையர் பகுதிகளில் 7.4 சதவீதம். எனவே இதுவும் அதுதான் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. சுற்றுவட்டாரத்தில் விற்ற மூன்று வீடுகளின் விவரத்தோடு மறுபரிசீலனை கேட்டோம். எண் மாறவில்லை.

எங்கள் அலுவலகத்திலேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. என் சக ஆலோசகர் அது பாகுபாடுதான் என்று இன்றும் சொல்வார். நான் இரண்டும் கலந்தது என்று நினைக்கிறேன். விற்றவர் விலையை ஏற்றித்தான் போட்டிருந்தார். ஆனால் ஒப்பிடுவதற்கு அருகில் இருந்ததெல்லாம் ஏலத்தில் போன வீடுகள் என்பதால், அந்தத் தெருவில் எந்த நல்ல வீடும் தன் உண்மையான விலைக்கு நிற்க முடியாது. பழைய சிவப்பு மை அப்படித்தான் இன்னும் வேலை செய்கிறது.

விற்றவர் 1,82,000 வரை இறங்கினார். நாங்கள் விலகச் சொன்னோம், அவரும் விலகினார். எஃப்.எச்.ஏ. ஒப்பந்தங்களில் மதிப்பு குறைந்தால் வாங்குபவர் முன்தொகையை இழக்காமல் வெளியேறலாம் என்று கட்டாய விதி உண்டு. 1,000 டாலர் திரும்ப வந்தது. மதிப்பீட்டுக் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் சேர்ந்து சுமார் 1,000 டாலர் போனது.

நின்ற மூன்று மாதம்

அந்த அக்டோபர் இறுதியில் சராசரி வட்டி 7.08 சதவீதத்தைத் தொட்டது. 'போதும், விட்டுவிடுகிறேன்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை, 2009 அவர் கண்முன் நடந்தது. டிசம்பரில் டயர் கடையில் தள்ளுபடிக்காக ஒரு புதுக் கடன் அட்டை வாங்கியதில் ஸ்கோர் 14 புள்ளி இறங்கியதும் பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று மாதமும் நாங்கள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் வந்தால் பேசலாம் என்று இருந்துவிட்டோம். அது பிழை.

2023 பிப்ரவரி 22 அன்று எஃப்.எச்.ஏ. தன் ஆண்டுக் காப்புறுதிக் கட்டணத்தை 0.85 சதவீதத்திலிருந்து 0.55 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. அவருக்கு மாதம் 40 டாலர் மிச்சம். அதைச் சொல்லப் போன் செய்தேன். அந்தப் போனைச் செய்ய எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது என்றும் சொல்லலாம். சம்பளம் 54,600 ஆகியிருந்தது. வந்தார்.

இரண்டாவது வீடு

2023 ஏப்ரலில், நகரின் வடகிழக்கில் பெலேர்-எடிசன் பகுதியில், முன்திண்ணை வைத்த 1920களின் வரிசை வீடு. மூதாட்டி ஒருவர் ஐம்பது ஆண்டு வாழ்ந்து மறைந்தபின் வாரிசுகள் விற்றார்கள். விலை 1,65,000. சமையலறை பழசு, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பழசு, ஆனால் கூரை நல்ல நிலையில் இருந்தது. வங்கி மதிப்பீடு 1,66,000, இந்த முறை சிக்கல் இல்லை.

வீட்டுக்கு அடிமனை வாடகை இருந்தது. கோயில் நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வீடு உங்களுடையது, அதன் அடியில் உள்ள மண் வேறொருவருடையது. பால்டிமோரில் குடியேற்றக் காலத்திலிருந்து வரும் ஏற்பாடு. ஆண்டுக்கு 96 டாலர்தான். ஆனால் இப்படிச் சில பத்து டாலர் பாக்கிக்காகக் குடும்பங்கள் வீட்டையே இழந்ததை 2006இல் இங்கே ஒரு நாளிதழ் தொடராக வெளிக்கொண்டுவந்தது. எனவே யாருக்கு, எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கினோம். அந்தக் காலத்துக் குத்தகையில் 6 சதவீதக் கணக்கில் 1,600 டாலர் கொடுத்து மண்ணையும் வாங்கிவிடலாம். அது பிற்பாடு என்று வைத்தார்.

இந்தத் தடவை வரியை விளம்பரத்தில் பார்க்கவில்லை. மதிப்பு 1,28,000, ஆண்டுக்கு 3,021 டாலர் என்று நாங்களே போட்டோம். 6.375 சதவீத வட்டியில் அசலும் வட்டியும் 1,011, காப்புறுதிக் கட்டணம் 73, சொத்து வரி 252, வீட்டுக் காப்பீடு 95, அடிமனை 8. மாதம் 1,439 டாலர், பழைய வாடகையைவிட 39 கூடுதல். வங்கி 2,10,000 வரை தரத் தயாராக இருந்தது. அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

காலணிப் பெட்டி இங்கே கைகொடுத்தது. 2022 செப்டம்பரில் எஃப்.எச்.ஏ. தன் பரிசீலனை மென்பொருளில், முதல் வீடு வாங்குவோர் ஓராண்டு தவறாமல் கட்டிய வாடகையையும் சேர்க்க அறிவித்திருந்தது. மணி ஆர்டர் துண்டுகள் எல்லாம் மாத வரிசையில் இருந்தன.

முன்பணம் 5,775, பதிவு வரிகள் உட்பட மற்ற செலவு 8,900, ஆக 14,675 டாலர். நகர உதவித் தொகை 5,000 வந்தது. ஐந்து ஆண்டு குடியிருந்தால் அதைத் திருப்ப வேண்டாம். ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே வகுப்பும் ஆலோசனையும் முடித்த சான்றிதழ் இருக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டபின் எங்களிடம் ஓடி வந்து இதை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விற்றவர்கள் 4,000 விட்டுக்கொடுத்தார்கள். மீதி 5,675 அவருடையது, சூசூவின் 3,000 அதில் அடக்கம். 2023 ஜூனில் சாவி கைக்கு வந்தபோது வங்கியில் 2,225 டாலர் மிச்சம்.

சாவி வாங்கிய பிறகு

குடியேறிய மாதத்திலேயே 'பத்திர நகலுக்கு 95 டாலர் அனுப்பவும்' என்று அரசுக் கடிதம் போல ஒன்று வந்தது. இது ஏமாற்று வேலை என்று வகுப்பில் காட்டியிருந்தோம். அவர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுக் கிழித்துப் போட்டார். சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்கு வரி மதிப்பு ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் தடுக்கும் சலுகைக்கும் விண்ணப்பித்தார்.

டிசம்பரில் கொதிகலன் நின்றது. வாங்கும்போது பரிசோதகர் 'ஆயுள் முடியும் தறுவாயில்' என்று எழுதியிருந்தார். அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை நாங்கள் அழுத்திச் சொல்லவில்லை. கையிருப்பு 2,225 இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் கதவைத் தட்டிய ஓர் ஒப்பந்தக்காரர், கையிலிருந்து ஒன்றும் தர வேண்டாம், புதுக் கருவி 11,400 டாலர், பத்து ஆண்டுத் தவணை, 14 சதவீத வட்டி என்று காகிதத்தை நீட்டினார். மாதம் 177 டாலர், வீட்டின் மேல் பிணை. வீட்டில் குளிர், பிள்ளைகள் கம்பளிக்குள். அவர் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அம்மா பக்கத்தில் நின்று, 'இப்படித்தான் அன்றைக்கும் ஒருத்தன் வந்தான்' என்று சொன்னது போனில் எனக்கே கேட்டது.

தெரிந்த குழாய் மெக்கானிக் ஒருவர் 1,150 டாலரில் பழுது பார்த்தார். கொதிகலன் இன்னும் ஓடுகிறது, எவ்வளவு நாள் என்று தெரியவில்லை. கல்விக் கடன் தவணைகள் 2023 அக்டோபரில் திரும்பத் தொடங்கின. வருமானத்தைப் பொறுத்துத் தவணை போடும் 'சேவ்' என்ற புதுத் திட்டத்தில் அவர் வருமானத்துக்குத் தவணை பூஜ்யமாக வந்தது. 2024 நடுவில் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. அது எப்படி முடிந்தாலும் அவர் மாதக் கணக்கில் அடி விழும் என்றே வைத்துத் திட்டமிட்டோம்.

2024 இறுதிவரை ஒரு தவணையும் தவறவில்லை.

திரும்பிப் பார்த்தபோது

அவர் தம்பி ஒருநாள் நேரடியாகக் கேட்டான்: 'மூன்று சதவீதத்தில் இருந்தபோது எங்கள் அக்காவைக் காத்திருக்கச் சொன்னீர்களே?' உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2022 ஜனவரியில், 588க்கு எப்படியும் வட்டி கூடும் என்று 3.75 சதவீதம் வைத்தால், இதே கடனுக்கு அன்றைய காப்புறுதிக் கட்டணத்தோடு 863 டாலர். இப்போது 1,084. மாதம் 221 வித்தியாசம். ஆனால் அந்த ஜனவரியில் அவரிடம் முன்பணம் கிடையாது, அது நடந்திருக்காது. நியாயமான ஒப்பீடு மே மாதம்தான். ஸ்கோர் 629, கார்டு பாக்கி குறைந்தாயிற்று, சீட்டுப் பணம் அடுத்த மாதம். அன்றைய சுமார் 5.25 சதவீதத்தில் 1,008 ஆகியிருக்கும். அதாவது எங்கள் 640 பிடிவாதத்தின் விலை மாதம் 76 டாலர். தம்பி சொன்ன அளவு இல்லை. ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும் தொகையும் இல்லை.

அதன்பின் நடைமுறையில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். 620 தொட்டதும் எந்த வங்கி என்ன தரும் என்று விசாரித்துவிட்டு, இன்று வாங்குவது, ஆறு மாதம் கழித்து வாங்குவது என்று இரண்டு தாள்களை வட்டி ஏறினால் இறங்கினால் என்ற கணக்கோடு முன்னால் வைக்கிறோம். முடிவு அவர்களுடையது. வரியை நாங்களே போடாமல் எந்த வீட்டுக்கும் ஒப்பந்தம் போட விடுவதில்லை. வீட்டுப் பரிசோதனை அறிக்கையில் 'ஆயுள் முடியும்' என்று வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை எழுதி, அதை விற்பவரிடம் கேட்கச் சொல்கிறோம். இந்த வீட்டில் அந்த 4,000த்தை 6,000 ஆகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒப்பந்தம் முறிந்தவர்களை இரண்டு வாரத்துக்குள் நாங்களே கூப்பிடுகிறோம்.

எங்களால் மாற்ற முடியாததும் உண்டு. பாட்டி வீடு 2009இல் போகாமல் இருந்திருந்தால் அதன் ஒரு பங்கே முன்பணத்துக்கும் கொதிகலனுக்கும் போதும். அந்த ஓட்டையை எட்டு மணி நேர வகுப்பு அடைக்காது. நகரத்தின் 5,000 டாலர் கொஞ்சம் அடைத்தது, சீட்டு கொஞ்சம்.

முதல் சந்திப்புப் படிவத்தில் இப்போது ஒரு கேள்வி கூடியிருக்கிறது: 'நண்பர்களோடு, உறவினரோடு, வேலை இடத்தில் சேர்ந்து பணம் போடுகிறீர்களா? அதற்கு நோட்டு இருக்கிறதா?'